கூப்பிடு தூரம்

ஏப்ரல் 27, ஞாயிறு
காற்று சோளகம், மெல்லியது. பெருக்கு காலை 9.10.

இந்தக் கொப்பி பொனிப்பாஸுடையது. முன்பக்கங்கள் முழுக்க அவன் கையெழுத்து. காற்று, கடல் பெருக்கு, வற்று, என்ன மீன், எத்தனை. போன வருடம் ஜூன் 15 இல் காற்றும் பெருக்கும் எழுதியிருக்கிறான். மீன் என்ற இடத்தில் ஒன்றுமில்லை. கொப்பி என் காரில் கிடந்தபடியால் தப்பியது. அடுத்த பக்கத்திலிருந்து நான் எழுதுகிறேன். நல்ல கொப்பி, வீணாகப் போகக் கூடாது. வேறு காரணம் எதுவும் இல்லை.

பொனி என் தங்கை மெற்றில்டாவின் புருஷன். யாழ்ப்பாணத்து மீன்பிடி ஊரான பாசையூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிப் பிறந்தவன். மெல்பேர்னுக்கு வந்தும் பத்து நிமிட ஓட்டத்தில்தான் குடியிருந்தான். ஆறு வருடங்களுக்கு முன் இருவரும் சேர்ந்து இந்தச் சின்ன அலுமினியப் படகையும் அதை ஏற்றி இழுக்கும் ட்ரெய்லரையும் வாங்கினோம். பக்கவாட்டில் ‘அந்தோனியார் துணை’ என்று எழுதியவன் அவன்தான்.

போன ஜூனில் அவன் தனியே கடலுக்குப் போனான். படகின் பின்பக்கம் அடியில் ஒரு ஓட்டை உண்டு, கழுவுகிற தண்ணீர் வெளியே போவதற்கு. கடலில் இறக்குமுன் அதற்குத் தக்கை போட வேண்டும். தக்கை இல்லாமல் போயிருக்கிறான். நங்கூரம் போட்டு நின்ற இடத்தில் தண்ணீர் ஏறிப் படகு கவிழ்ந்துவிட்டது. மிதவைச் சட்டை போட்டிருந்தான், ஆனால் அந்தக் குளிருக்கு அது காணாது. பொலிஸ் விசாரித்து முடித்து, படகையும் மீட்டுத் தந்துவிட்டது. அவன் மறந்துபோனான். அதைப் பற்றி இதில் இனி எழுதப்போவதில்லை.

மெற்றில்டா படகை விற்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். விற்கத்தான் வேண்டும். திருத்திய பிறகு பத்து மாதம் சும்மா கிடந்த எஞ்சினை ஓட்டிப் பார்க்காமல் எப்படி விற்பது? அதனால் இன்று வெஸ்டேர்ன் போர்ட் விரிகுடாவுக்குத் தனியே இழுத்துப் போனேன்.

இரண்டு பேர் செய்கிற வேலையை ஒருவன் செய்வது பெரிய கூத்து. முன்பெல்லாம் நான் காரைப் பின்னால் எடுப்பேன், பொனி படகின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு “வா, வா, கொஞ்சம் வலம், போதும்” என்பான். இன்று அந்தக் குரல் இல்லாமல் கொங்கிறீட் சரிவில் பின்னால் போனேன். நான் ட்ரெய்லரை இடப்பக்கம் திருப்பினால் அது வலப்பக்கம் போனது. நாலாவது தரத்தில் ஒரு பக்கச் சில்லு சரிவை விட்டு இறங்கிவிட்டது. எனக்குப் பின்னால் மூன்று படகுகள் காத்து நின்றன. ஒருவன் ஹோர்ன் அடித்தான். படகை இறக்காமலே வீட்டுக்கு வந்தேன்.

“என்ன, மீன் ஒண்டும் இல்லையோ?” என்று ஜெசிந்தா கேட்டாள். முப்பது வருடம் என்னோடு குடும்பம் நடத்தியும் என்னைச் சீண்டுவதில் அவளுக்கு அலுப்பு வரவில்லை.

மே 3, சனி

பள்ளிக்கூடக் கார் தரிப்பிடம் சனிக்கிழமை வெறுமையாகக் கிடக்கும். இரண்டு பழைய வாளிகளை வைத்து நடுவே பின்னால் எடுத்துப் பழகினேன். கையை ஸ்டீயரிங்கின் அடியில் பிடிக்க வேண்டும். அப்போது கை போகிற பக்கமே ட்ரெய்லரும் போகிறது. ஐம்பத்தெட்டு வயதில் இதை யாரும் சொல்லாமல் கண்டுபிடித்தேன். வாளி இரண்டும் நசுங்கிவிட்டன.

மே 4, ஞாயிறு
காற்று இல்லை. பெருக்கு பின்னேரம் 2.30.

இன்று இறக்கினேன்.

சரிவுக்குப் போவதற்கு முன்பே, மேலே காத்திருக்கும் இடத்தில் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும். பின்பட்டியைக் கழற்ற வேண்டும். லைட் வயரை இழுத்துவிட வேண்டும். தக்கை. முன்மூக்கில் நீளக் கயிறு கட்டி, மறுமுனையை ட்ரெய்லர் கம்பத்தில் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். பிறகு பின்னால் போய், சில்லு முக்கால்வாசி நனையும்வரை இறக்கி, கைப்பிறேக்கை இழுத்து, படகை இழுத்துப் பிடிக்கும் விஞ்சின் கொழுக்கியைக் கழற்றித் தள்ளினால் படகு தானாக வழுக்கிப் போகும். கயிறு அதைப் பிடிக்கும். கயிற்றோடு ஜெட்டியில், பக்கத்து மரப் பாலத்தில், நடந்து போய்க் கட்டிவிட்டு, காரைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு ஓடிவர வேண்டும்.

தக்கையை மூன்று தரம் குனிந்து பார்த்தேன். புதுத் தக்கை, சிவப்பு. பிறகு ஜெட்டியில் நின்றுகொண்டு நாலாவது தரம் பார்க்க முடியாதா என்று யோசித்தேன்.

ஏற்றுவதுதான் பாடு. ட்ரெய்லரை ஆழத்தில் விட்டுவிட்டேன், படகு மிதந்து குறுக்கே திரும்பிவிட்டது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் பிடித்தேன். அந்தக் குளிர் எலும்புக்குள் போனது. ஒரு நிமிடத்திலேயே விரல் மரத்துக் கொழுக்கியைப் பிடிக்க வரவில்லை. அவன் அதற்குள் எத்தனை மணி நேரம் கிடந்தானோ தெரியாது.

மே 5, திங்கள்

காய்ச்சல். வேலைக்குப் போகவில்லை.

மே 11, ஞாயிறு

மெற்றில்டா மத்தியானம் வந்தாள். கராஜில் படகைக் கண்டதும் முகம் மாறிவிட்டது.

“இன்னும் விக்கேல்லையோ அண்ணா?”

“எஞ்சின் ஒருக்கால் சரியா ஓடட்டும்.”

“அதை உடைச்சுத் தகரத்துக்குப் போட்டாலும் எனக்குச் சரி.”

சாப்பிடும்போது ஜெசிந்தா ஓராண்டுப் பூசையைப் பற்றிக் கேட்டாள். பாதரிடம் நாள் சொல்லியாகிவிட்டதா என்று. மெற்றில்டா கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

“பூசை ஒண்டும் இல்லை. ஆரைக் கூப்பிடுறது? போன கிழமை கிளறன்ஸின்ரை மகளின்ரை கலியாணத்திலை என்ன நடந்தது தெரியுமோ அண்ணி? போத்தலைத் திறந்து வைச்சுக்கொண்டு, ‘மூடியைப் போடுங்கோடா, பொனிப்பாஸ் மாதிரி மறந்திடாதேங்கோ’ எண்டு சொல்லிச் சிரிக்கினம். நான் பின்மேசையிலை இருக்கிறன். பாசையூரிலை பிறந்த மனிசன், தக்கை போட மறந்து செத்தவர். இதைக் கேட்டுக்கொண்டு நான் கோயில்லை நிக்கவோ?”

“பகிடிக்குச் சொல்லியிருப்பினம்” என்றேன் நான்.

“பகிடிதான். எனக்கு அவையளிலை கோபம் இல்லை. அந்த மனிசனிலைதான் கோபம். ஒரு சின்னத் தக்கை. எங்களை விட அதை மறக்கிறது லேசாப் போச்சு அவருக்கு. கல்லறைக்குக் கல்லும் வைக்கமாட்டன். என்னத்தை எழுதுறது அதிலை?”

நான் இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டேன். பசி இருக்கவில்லை.

மே 18, ஞாயிறு
கச்சான் காற்று. பெருக்கு மத்தியானம் 1 மணி.

ராம்பில், அதாவது படகு இறக்கும் அந்தச் சரிவில், கொலின் என்றொரு கிழவர் இருக்கிறார். ஞாயிறு தவறாமல் வருவார். அவரிடம் படகு இல்லை. மடக்குக் கதிரை போட்டு, மற்றவர்கள் படகை இறக்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். சிலருக்கு அதுவே பொழுதுபோக்கு. போன தரம் என் படகு குறுக்கே திரும்பியதையும் பார்த்திருக்கிறார்.

இன்று சுத்தமாக இறக்கினேன். ஜெட்டியிலிருந்து விலகி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தேன். மஞ்சள் கம்பம் தாண்டும்வரை வேகம் எடுக்கக் கூடாது என்பது இங்கே சட்டம். கம்பத்தடிக்கு வந்தபோது பின்னாலிருந்து கொலின் கூப்பிட்டார்.

“உன் கயிறு தண்ணீரில் இழுபடுகிறது!”

ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

புறப்பட்டுப் போகிறவனைப் பின்னால் கூப்பிடுவதா? எங்கள் ஊரில் கடலுக்கு இறங்கியவனை அப்படிக் கூப்பிட்டால் அன்று தொழிலே இல்லை. எங்கே போகிறாய் என்றுகூடக் கேட்கமாட்டோம். எனக்குச் சரியான ஆத்திரம் வந்தது. திரும்பி வந்து கயிற்றை எடுத்தேன். எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

எஞ்சின் ஓடும்போது கரையில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

மீன் பிடிக்கவில்லை. படகை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

மே 20, செவ்வாய்

பேக்கரி வேலையில் தவறான மாவை மெஷினில் ஏற்றிவிட்டேன். சுப்பர்வைசர் பேசினான். பேசட்டும்.

மே 24, சனி

பதினெட்டு நிமிடம்.

மே 25, ஞாயிறு

நேற்று எழுதியது எனக்கே பைத்தியக்காரத்தனமாகத் தெரிகிறது. எழுதியதால் முடித்துவிடுகிறேன்.

தக்கை போடாமல் இறக்கினேன். முன்னும் பின்னும் கயிறு கட்டி ஜெட்டியோடு நிறுத்திவிட்டு, உள்ளே குந்திக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். படகில் இரட்டைத் தளம். தண்ணீர் முதலில் அடித்தளத்துக்குள்தான் போகும். மேலே இருக்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. பதினெட்டாவது நிமிடத்தில்தான் பின்பக்கம், எஞ்சினடியில் ஈரம் தெரிந்தது. மீன் பிடிக்கிறவன் முன்னால் பார்த்துக்கொண்டிருப்பான். முழங்கால்வரை ரப்பர் சப்பாத்து வேறு. கால் நனையாது. அவன் கண்டிருப்பான், வாளியால் இறைத்துப் பார்த்திருப்பான் என்று நான் வைத்திருந்த கணக்கும் பிழை. அவன் காணும் நேரத்தில் படகின் பின்பக்கம் அமிழ்ந்திருக்கும்.

தண்ணீர் நிறைந்த படகை ஏற்றுவது லேசில்லை. விஞ்ச் பட்டி அறுவது போல் முனகியது. பாதி ஏற்றிவிட்டு, ஓட்டையால் தண்ணீர் ஒழுகி முடியும்வரை சரிவிலேயே நின்றேன். அரை மணி நேரம். பின்னால் நின்றவர்கள் திட்டினார்கள். கொலின் கதிரையை விட்டு எழுந்து வந்து அந்த ஓட்டையைக் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“எல்லோருக்கும் ஒரு நாள் நடக்கும்” என்று தோளில் தட்டினார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் நான் வெட்கப்படுகிறேன் என்று நினைத்திருப்பார்.

ஜூன் 1, ஞாயிறு

ஜெசிந்தா தன் தாதிச் சீருடையை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தாள். நான் ராம்புக்குப் போகக் கார் திறப்பைத் தேடினேன். அவள் தலையை நிமிர்த்தவில்லை.

“இஞ்சாருங்கோ. எத்தினை தரம் இறக்கி ஏத்தினாலும் அது சரிவராது.”

“என்னது?”

“போன வருசம், செத்தவீட்டுக்கு முதல் நாள், உங்கடை நீல ஜக்கெற்றைத் தோய்க்கப் போட்டனான். பையிலை கிடந்ததை எடுத்து உங்கடை மேசை லாச்சிக்குள்ளை நான்தான் வைச்சனான். நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்.”

நான் கதிரையில் இருந்துவிட்டேன். ஒரு வருடமாக அந்த லாச்சியில் அதைக் காணும்போதெல்லாம் நானே வைத்தேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

“நீ ஏன் கேக்கேல்லை?”

“கேட்டால் நீங்கள் பொய் சொல்லுவியள். பிறகு நான் அந்தப் பொய்யோடையும் இருக்க வேணும்.”

அயர்னை வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். நான் ராம்புக்குப் போகவில்லை.

ஜூன் 5, வியாழன்

எழுத வரவில்லை.

ஜூன் 7, சனி
மழை. காற்று வாடைப் பக்கம்.

எழுதிவிடுகிறேன்.

போன வருடம் ஜூன் 14 பின்னேரம், தக்கையின் ரப்பர் வளையம் வெடித்திருப்பதைக் கண்டேன். தக்கையைக் கழற்றி நல்ல வளையம் ஒன்று போட்டேன். அந்த நேரம் பார்த்து ஜெசிந்தா சாப்பிடக் கூப்பிட்டாள். தக்கையை ஜக்கெற் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனேன்.

தக்கை எப்போதும் பொனியின் வேலை. அவன்தான் போடுவான், அவன்தான் பார்ப்பான். பொலிஸ்காரனிடம் நான் இதைத்தான் சொன்னேன், இது உண்மையும்கூட. ஆனால் மறுநாள் காலை ராம்பில் அவன் பார்ப்பதற்குக் குனிந்தபோது நான், “அது பாத்தாச்சு மச்சான், நேற்றுப் புது வளையம் போட்டனான்” என்றேன். அவன் நிமிர்ந்துவிட்டான். நான் சொன்னால் அவனுக்குக் காணும்.

எனக்குப் பத்து மணிக்கு வேலை. அவனை இறக்கிவிட்டு, பின்னேரம் வந்து ஏற்றுவதாக ஏற்பாடு. காரையும் ட்ரெய்லரையும் நிறுத்திவிட்டுத் திறப்பைப் பையில் போட்டபோது தக்கை கையில் தட்டுப்பட்டது. ஜெட்டிக்கு ஓடினேன். மஞ்சள் கம்பத்தடியில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தான். முதுகு தெரிந்தது.

வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

எனக்கு ஒன்பது வயதில் ஐயா வெற்றிலைப் பையை மறந்து கடலுக்கு இறங்கிவிட்டார். நான் கரையால் ஓடி “ஐயா, ஐயா” என்று கூப்பிட்டேன். அவர் தோணியைத் திருப்பிக்கொண்டு வந்து, எல்லோருக்கும் முன்னால் கன்னத்தில் அறைந்தார். அன்று ஆறு பேர் தொழிலுக்குப் போகவில்லை. அம்மா அன்று என்னோடு பேசவில்லை. அதற்குப் பிறகு நான் யாரையும், பஸ்ஸுக்குப் போகிறவனைக்கூட, பின்னால் கூப்பிட்டதில்லை. இருபத்தெட்டு வருடம் இந்த நாட்டில் வாழ்ந்தும், ஒரு கணம் யோசிக்காமல் என் வாய் மூடிக்கொண்டது. சகுனத்தை நம்புகிறேனா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன்.

அந்த ஒரு கணம் போனதும் அவன் வேகம் எடுத்துவிட்டான். பிறகு கத்தியும் பயனில்லை. இரண்டு தரம் போன் எடுத்தேன், அவன் எடுக்கவில்லை. பொனி கெட்டிக்காரன், தண்ணீரைக் கண்டால் திரும்பி வருவான் என்று சொல்லிக்கொண்டேன். கரையோரக் காவலுக்கு ஒரு போன் எடுத்திருக்கலாம். தக்கையைப் போட மறந்தேன் என்று அந்நியனிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டேன். மூன்று மணிக்குத் திரும்பி வந்து, இருட்டும்வரை ஜெட்டியில் நின்றேன். அதற்குப் பிறகுதான் பொலிசுக்குச் சொன்னேன். இரண்டு தரம் போன் எடுத்தது ஏன் என்று கேட்டார்கள். எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்பதற்கு என்றேன்.

வெட்கம் என்னுடையது. அதை அவன் தலையில் கட்டிவிட்டு, ஒரு வருடம் சாப்பிட்டுத் தூங்கி எழும்பியிருக்கிறேன்.

ஜூன் 8, ஞாயிறு

மெற்றில்டா வீட்டுக்குப் பின்னேரம் மூன்று மணிக்குப் போனேன். சமையலறை மேசையில் முட்டைக்கோவா அரிந்துகொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். இருந்து சொல்லத் தைரியம் வரவில்லை. அவள் கத்தியை நிறுத்தவில்லை. கோவா முழுவதையும் அரிந்து முடித்தாள்.

“பின்னாலை கூப்பிடக் கூடாதெண்டோ?”

“ஓம்.”

“கோயிலடியிலை என்னைப் பாத்து, ‘அவன் எப்பவும் கொஞ்சம் கவலையீனம்தான் பிள்ளை’ எண்டு சொன்னனீங்கள் அண்ணா. செத்தவீட்டண்டு.”

சொன்னேன். மறந்தே போயிருந்தேன். இல்லை, மறக்கவில்லை.

“ஒரு வருசமா அந்த மனிசனைப் பேசாத நாள் இல்லை. கல்லறையிலை நிண்டும் பேசினனான். அவற்றை உடுப்பெல்லாத்தையும் அள்ளிக் குடுத்திட்டன், ஒரு சேர்ட்டும் வைக்கேல்லை.” அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். “நாளைக்குப் பொலிசுக்குப் போய்ச் சொல்லுங்கோ. வாற ஞாயிறு பூசை வைப்பன். நீங்கள் வர வேண்டாம்.”

“சரி.”

“இப்ப இருங்கோ.”

இருந்தேன். தன் கைபேசியை என் முன்னால் வைத்து, சத்தத்தைக் கூட்டிவிட்டாள்.

“நான் சொன்னால், புருஷனுக்காகக் கதைக்கிறாள் எண்டுவினம். நீங்கள் சொல்லுங்கோ. முதல் கிளறன்ஸ்.”

கிளறன்ஸிடம் சொன்னேன். “ஐயோ” என்றான், பிறகு போனை வைத்துவிட்டான். அவள் அடுத்ததை அழுத்தினாள். கோயில் சபைத் தலைவர். ஊர்ச் சங்கச் செயலாளர். கலியாணத்தில் அதே மேசையில் இருந்த மற்ற இருவர். முதல் இரண்டு தரம் நான் சுற்றி வளைத்துத் தொடங்கினேன். அவள் மேசையில் விரலால் தட்டினாள். அதற்குப் பிறகு நேரே சொன்னேன்: பொனி மறக்கவில்லை, தக்கை என் பையில் இருந்தது, தெரிந்தும் நான் கூப்பிடவில்லை. ஒருவர் என்னைத் தூஷணத்தால் பேசினார். அவள் அதையும் முழுக்கக் கேட்கவிட்டாள்.

கடைசியாகப் பாசையூருக்கு எடுத்தாள். பொனியின் தாய். எங்களுக்கு இங்கே நாலரை, அங்கே மத்தியானம்.

“ஆர், மெற்றியோ?”

“மாமி, நான் பிலேந்திரன்” என்றேன். சொன்னேன். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். அதனால் எல்லாவற்றையும் இரண்டாம் தரம், சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. முற்றத்தில் கோழி கத்துவது கேட்டது.

“அப்ப என்ரை பிள்ளை மறக்கேல்லை.”

“இல்லை மாமி.”

“தக்கையைப் பாக்கக் குனிஞ்சவன்.”

“ஓம் மாமி. நான்தான் பாத்தாச்செண்டு சொன்னனான்.”

“இஞ்சை கரையிலை சிரிக்கிறாங்கள் தம்பி. பொனியின்ரை ஐயா உயிரோடை இருக்கேக்கை இந்தக் கரையிலை எங்களை ஒருத்தரும் ஒரு சொல்லுச் சொன்னதில்லை. ஒரு வருசமா நான் மீன் வாங்கக் கரைக்குப் போகேல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை வாங்கித் தாறதைத்தான் சமைக்கிறன்.” மூச்சு வாங்கினார். “நாளைக்குக் காலமை நானே போவன்.”

என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். மெற்றில்டாவும் காத்திருந்தாள்.

“சொன்னது பெரிய உபகாரம் தம்பி” என்று மாமி எனக்கு நன்றி சொன்னார்.